மான் வந்தால் செத்துப்போகும் கேமரா

போன வாரம் ஒருவழியாகக் கிடைத்துவிட்டது. ஐந்தே ஐந்து படம். விடியற்காலை 4:52. எங்கள் வீட்டுப் பின்பக்கத்து நாவல் மரத்தடியில் ஒரு புள்ளிமான் கலை, அதாவது ஆண் மான், பின்னங்கால்களில் எழுந்து நிற்கிறது. முதல் படத்தில் கழுத்து நீண்டிருக்கிறது. இரண்டாவதில் கொம்பு கிளைக்குள் போய்விட்டது. மூன்றாவதில் கண்ணோரத்தைக் கிளையில் வைத்துத் தேய்க்கிறது. நான்காவது படம் கலங்கல். ஐந்தாவதில் நாலு காலும் தரையில், கொம்பில் முறிந்த நாவல் இலைக் கொத்து ஒன்று தொங்குகிறது. இந்த ஐந்து படத்துக்கு ஆறு மாதமும் மூவாயிரத்து முந்நூறு ரூபாயும் ஆயின.

வீடு கிண்டி தேசியப் பூங்காவை ஒட்டிய ஒரு வளாகக் குடியிருப்பில், தரைத்தளம். கவர்னர் மாளிகைத் தோப்பாக இருந்து 1978இல் தேசியப் பூங்கா ஆன காடு அது. மொத்தமே மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. எங்கள் பின்கட்டுக்கும் புதருக்கும் நடுவில் வேலி கிடையாது. காலையில் கதவைத் திறந்தால் படிக்கட்டருகே மான் புழுக்கை கிடக்கும். அதனால் மானைப் பார்ப்பது எங்களுக்குப் பெரிய விஷயமில்லை. இரவில் அது என்ன செய்கிறது என்பதுதான் தெரியாமல் இருந்தது.

ஆரம்பித்து வைத்தது பென்சில்வேனியாவில் இருக்கும் என் பெரியப்பா மகன். புரட்டாசி பிறந்தாலே குடும்ப வாட்ஸப் குழுவில் அவர் தோட்டத்து மான் படங்கள் வர ஆரம்பிக்கும். அங்கே வெள்ளைவால் மான். அக்டோபரில் கலைகள் மரப்பட்டையை உரிக்கும், தரையைக் காலால் கிளறி வைக்கும். நவம்பர் நடுவில் இணைசேரும் பருவம் உச்சத்துக்கு வரும். பகல் குறுகுவதை வைத்து மானின் உடம்பே கணக்குப் போட்டுக்கொள்ளுமாம், அதனால் வருஷா வருஷம் ஏறக்குறைய அதே வாரம். "உன் வீட்டுக் கொல்லையிலயே மான் இருக்கு, ஒரு கேமரா வையேன் பாப்பா" என்றார் அண்ணன். நாற்பத்தைந்து வயதில் என்னைப் பாப்பா என்று கூப்பிட அவர் ஒருவர்தான் மிச்சம். சரி, வைத்துவிடுவோம் என்று இறங்கினேன்.

துப்பறிய இரண்டு வழக்குகளும் கையில் இருந்தன. ஒன்று, தோட்டக்கார அண்ணன் நட்ட புங்கங்கன்றின் பட்டை ஒன்றரை அடியிலிருந்து மூன்றடி உயரம் வரை உரிந்து கிடந்தது. இரண்டு, நாவல் மரத்தில் ஆறடி உயரக் கிளை ஒன்று தினமும் முறிந்து தொங்கியது. இரண்டுக்கும் குரங்குதான் காரணம் என்று அம்மா எப்போதோ தீர்ப்பு எழுதிவிட்டார்.

முதல் தப்பு கேமரா வாங்குவதற்கு முன்பே நடந்தது. அண்ணன் ஊரில் சோளம் போட்டு மானை வரவழைப்பவர்கள் உண்டு என்று கேட்டிருந்தேன். நானும் முட்டைக்கோஸ் தழையை அள்ளிப் போட்டேன். முதல் நாள் குரங்குகள் வந்தன. இரண்டாம் நாள் இன்னும் அதிகக் குரங்குகள், ஒரு மாடு, அதன் பின்னாலேயே தெருநாய்கள். தோட்டக்கார அண்ணன் பார்த்துவிட்டு, "அதெல்லாம் போடாதீங்கம்மா. இன்னிக்கு கோஸ் தழை திங்கும், நாளைக்கு அந்த வாசனையில பிளாஸ்டிக் கவரைத் திங்கும். நாய் வேற வாசல்லயே காத்துக் கெடக்கும்" என்றார். அன்றோடு நிறுத்தினேன். மான் வரும் பாதை ஏற்கெனவே இருக்கிறது. நாம்தான் அங்கே போக வேண்டும்.

எதிரில் ஏதாவது அசைந்தால் தானே படம் எடுக்கும் காட்டுக்கேமரா ரெடிமேடாகவும் கிடைக்கிறது. நான் பார்த்தபோது சுமாரானதே ஏழெட்டாயிரம். பிளஸ் ஒன் படிக்கும் மகன், "நாமளே பண்ணலாம்மா, ஆயிரத்து ஐந்நூறுல முடியும்" என்றான். இந்த வாக்கியத்தை வீட்டில் யார் சொன்னாலும் இரண்டால் பெருக்கிக்கொள்ளவும். கிண்டியில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்தால் எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெரு. ஈ.எஸ்.பி-32 கேம் என்ற, கேமராவோடு வரும் சின்ன போர்டு, நிரல் ஏற்றும் அடித்தட்டோடு 650 ரூபாய். உடம்புச்சூட்டின் அசைவை உணரும் பி.ஐ.ஆர். சென்சார் 80. அகச்சிவப்பு விளக்குத் தட்டு 200. 18650 என்ற வகை சார்ஜ் பேட்டரி இரண்டு 360, அதற்குக் கூடு 40. மின்னழுத்தம் ஏற்றும் சின்னத் தட்டு 90. 32 ஜிபி நினைவக அட்டை 400. பாத்திரக் கடையில் மூடிக்கு ரப்பர் வளையம் வைத்த பிளாஸ்டிக் டப்பா 120.

முதல் இரவு வைத்தோம். காலையில் அட்டையில் இருந்தது ஒரே ஒரு படம். வெள்ளை வெளிச்சத்தில் இரண்டு மானின் பின்புறம், நாலு கால் பாய்ச்சலில். அந்த போர்டில் ஒரு வெள்ளை ஃபிளாஷ் விளக்கு உண்டு. அதை நாங்கள் பயன்படுத்தவே இல்லை. ஆனால் அந்த விளக்கும் நினைவக அட்டையும் ஒரே கம்பியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அதனால் படம் சேமிக்கும்போதெல்லாம் விளக்கு தானாக எரியும். அட்டையை ஒற்றைக் கம்பி முறையில் ஓட்டும்படி நிரலில் ஒரு சொல்லை மாற்றியதும் விளக்கு அடங்கியது. இதைக் கண்டுபிடிக்க மூன்று நாள்.

அடுத்தது அகச்சிவப்பு. இரவில் வெறும் கறுப்புப் படமாக வந்தது. வழக்கமான லென்ஸுக்குள் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி இருக்கும், அது இல்லாத லென்ஸாகக் கேட்டு வாங்க வேண்டும். 350 ரூபாய். இதைப் போட்டால் பகல் படங்களில் செடியெல்லாம் ரோஸ் நிறத்தில் வரும், கண்டுகொள்ளக் கூடாது. நாங்கள் முதலில் வாங்கிய விளக்கு 850 நானோமீட்டர், இருட்டில் அடுப்புக் கங்கு மாதிரி மங்கலாகச் சிவக்கும். ஒரு கலை நேராக அதையே முறைத்துக்கொண்டு நிற்பது இரண்டு படங்களில் பதிந்தது, மூன்றாவதில் ஆள் இல்லை. 250 ரூபாய்க்கு 940 நானோமீட்டர் விளக்கு வாங்கி மாற்றினோம். வெளிச்சம் குறைவு. பன்னிரண்டு அடிக்கு மேல் ஒன்றும் தெரியாது. ஆனால் யாரும் முறைப்பதில்லை.

அதன் பிறகு வந்ததுதான் தலைப்பில் இருக்கும் வியாதி. அறைக்குள் வைத்துச் சோதித்தால் கேமரா அருமையாக வேலை செய்தது. வெளியே வைத்தால் இரவில் ஏதோ ஒரு நேரத்தில் உயிரை விட்டுவிடும். கடைசிப் படம் பாதி மூக்கு, அல்லது ஒரு காது. அதற்கப்புறம் விடியும்வரை ஒன்றுமில்லை. பேட்டரி முழுதாக இருக்கும். நாங்கள் பேட்டரியை மாற்றினோம், அட்டையை மாற்றினோம், சாலிடர் இணைப்பெல்லாம் மறுபடி வைத்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். விளக்கு எரியும் நொடியில் 5 வோல்ட் 4.2க்குச் சரிந்தது. சரிந்ததும் போர்டு தன்னைத்தானே மறுபடி தொடங்குகிறது. அது பரவாயில்லை. ஆனால் சென்சாரின் கம்பியை நாங்கள் 12ஆம் முனையில் கொடுத்திருந்தோம். போர்டு எழும் தருணத்தில் அந்த முனையில் மின்சாரம் இருந்தால் அது எழவே எழாது, அப்படித்தான் அதைப் படைத்திருக்கிறார்கள். மின்சாரம் எப்போது இருக்கும்? எதிரில் மான் நிற்கும்போது. ஆக, காலி இடத்தைப் படம் எடுக்கச் சொன்னால் எடுக்கும், மான் வந்தால் செத்துவிடும். அறைக்குள் சோதித்தபோது சுவரில் சொருகும் சார்ஜர் மின்சாரம் தந்ததால் வோல்ட் சரியவே இல்லை.

சென்சாரை 13ஆம் முனைக்கு மாற்றினோம். விளக்கை மாஸ்ஃபெட் என்ற சின்ன மின் சுவிட்ச் வழியாக 12இல் கொடுத்து, அந்த முனையைப் பூஜ்ய வோல்ட்டில் இழுத்துப் பிடிக்க ஒரு பத்தாயிரம் ஓம் மின்தடை. வோல்ட் சரியாமல் தாங்க, 5 வோல்ட் கம்பிகளுக்குக் குறுக்கே 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். எல்லாம் சேர்ந்து முப்பது ரூபாய்கூட ஆகவில்லை. அதற்குள் ஐப்பசி பிறந்துவிட்டது.

ஐப்பசியில் அடைமழை என்று சும்மா சொல்லவில்லை. டப்பாவின் மூடியில் தண்ணீர் நுழையவில்லை, அந்த ரப்பர் வளையத்தைக் குறை சொல்ல முடியாது. கம்பி வெளியே வர நான் போட்ட ஓட்டை வழியாக நுழைந்தது. ஓட்டையை மேல்பக்கம் போட்டிருந்தேன். ஏன் மேல்பக்கம் போட்டேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. 650 ரூபாய் போர்டும் 80 ரூபாய் சென்சாரும் ஒரே இரவில் போயின. அடுத்த தடவை ஓட்டை கீழே. சுற்றிலும் எம்-சீல். உள்ளே புதுச் செருப்புப் பெட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலங்கள் நாலு. லென்ஸுக்கு மேலே பி.வி.சி. குழாயைப் பாதியாக வெட்டி ஒரு கூரை, இரண்டங்குலம் வெளியே நீட்டியபடி.

மழைக்குத் தப்பினால் எறும்பு. சூடான, காய்ந்த, இருட்டான இடம் மழைக்காலத்தில் வேறெங்கே கிடைக்கும்? ஒரு வாரம் கழித்துத் திறந்தபோது சிலிக்கா பொட்டலத்தின் மேல் வெள்ளை வெள்ளையாக முட்டை. கட்டும் கயிற்றில் இரண்டு விரல் அகலத்துக்கு வேப்பெண்ணெய் கலந்த கிரீஸ் தடவினேன், நின்றது. பல்லிக்கு வைத்தியம் இல்லை. அகச்சிவப்பு விளக்கைத் தேடிப் பூச்சி வருவதாக அதற்கு எண்ணமோ என்னவோ, லென்ஸ் மேலேயே படுத்துக்கொள்ளும். எங்களிடம் பல்லி வயிற்றின் படம் மட்டும் அறுபது இருக்கின்றன.

தீபாவளியை ஒட்டி நாலு இரவு ஒரு மான்கூட வரவில்லை. வெடிச்சத்தம் அடங்கி இரண்டு நாள் கழித்துத்தான் பிணைகள் குட்டிகளோடு வந்தன. ஆணைக் கலை என்றும் பெண்ணைப் பிணை என்றும் பழைய தமிழில் சொல்வார்கள். எங்கள் வீட்டு நோட்டில் கொம்பன், மொட்டைச்சி என்றுதான் குறிப்பு.

எங்கே கட்டுவது என்பதில் இன்னும் இரண்டு தப்பு. முதலில் தென்னையில் ஐந்தடி உயரத்தில் கட்டினேன், என் கண் உயரம் அதுதான் என்பதால். முதுகுப் புள்ளிகள் மட்டும் பதிந்தன. எங்கள் பக்கம் வரும் பெரிய கலையின் தோள் மூன்றடிக்குள்தான். டப்பாவை இரண்டரை அடிக்கு இறக்கினேன். அப்புறம், பாதைக்குக் குறுக்காகப் பார்க்கும்படி வைத்திருந்தேன். சென்சார் உணர்ந்து, போர்டு தூக்கம் கலைந்து, முதல் படம் எடுக்க ஒன்றரை நொடி ஆகிறது. விழித்ததும் எடுக்கும் முதல் இரண்டு மூன்று படம் பச்சைக் கறையாக இருப்பதால் அவற்றையும் தள்ளிவிட வேண்டும். அதற்குள் நடந்துபோகும் மானின் வால்தான் மிச்சம். பாதையைச் சாய்வாக, 45 பாகையில் பார்க்கும்படி திருப்பியதும் முகங்கள் வர ஆரம்பித்தன.

சென்சார் அகலமாகப் பார்ப்பதும் தொல்லை. முதல் மாதத்து 1,140 படங்களில் எண்ணூறுக்கு மேல் வெயிலில் ஆடும் வாழை இலை. சென்சாரின் குவிமாடத்தைச் சுற்றி அரையங்குலக் குழாய்த் துண்டை ஒட்டிக் குதிரைக்குக் கண்மறைப்பு கட்டுவதுபோல் கட்டினேன். இலைப் படங்கள் பத்தில் ஒன்றாகக் குறைந்தன. குரங்குகள் டப்பாவை இரண்டு தடவை கழற்றின. நைலான் கயிற்றைப் பிரிக்கத் தெரிந்த விரல்களுக்குப் பழைய சைக்கிள் டியூபை இழுத்துச் சுற்றிய முடிச்சு மட்டும் பிடிபடவில்லை. குப்பையில் கிடந்த டியூப். இந்த முழு வேலையிலும் ஆகச்சிறந்த பொருள் அதுதான்.

மானைத் தேடப்போய் மற்றவர்கள் தெரிய வந்தார்கள். மரநாய் ஒன்று இரவு மூன்று மணியை ஒட்டி, கூர்க்கா மாதிரி, தினமும் ஒரே திசையில் போகிறது. முயல் ஒன்று துவைக்கும் கல்லுக்குக் கீழே புல் மேய்கிறது. கீரி பகலில். நரி ஒரே ஒரு முறை, வாயில் ஏதோ கவ்வியபடி. குரங்குக் கூட்டம் நாவல் மரத்தில் உட்கார்ந்து தின்று சிந்தும் இடத்தில் கீழே பிணைகள் காத்து நிற்பதும் திரும்பத் திரும்பப் பதிந்தது.

ஆனால் நான் காத்திருந்த சண்டையும் இல்லை, கிளை முறிப்பதும் இல்லை. நவம்பர் நடுவும் போனது. அண்ணன் தன் கொல்லையில் இரண்டு கலைகள் கொம்பு கோத்து நிற்கும் வீடியோவை அனுப்பினார். நான் பல்லி வயிற்றை அனுப்பினேன்.

புத்தி சொன்னவர் தோட்டக்காரர்தான். படங்களை அவரிடம் காட்டியபோது, "இதுக்குத் தோல் போத்திருக்கு பாருங்க. இது கத்தாதும்மா. கொம்பு காஞ்சதுதான் கத்தும், காஞ்சதுதான் மரத்துல தேய்க்கும்" என்றார். அதற்கப்புறம்தான் கொம்பைப் பார்க்கவே கற்றுக்கொண்டேன். புள்ளிமானுக்குக் கொம்பு உதிர்ந்து மறுபடி முளைக்கும். முளைக்கும்போது மேலே பஞ்சு மாதிரி தோல் போர்த்தியிருக்கும். முழுதாக வளர்ந்து தோல் உரிந்தபிறகுதான் அது ஆயுதம். (வெளிமானுக்கு முறுக்குக் கொம்பு, அது உதிர்வதே இல்லை. அது திறந்த புல்வெளியை விட்டு எங்கள் புதர்ப் பக்கம் வருவதில்லை.) வெள்ளைவால் மான் மாதிரி எல்லாக் கலைகளும் ஒன்றுசேர்ந்து உதிர்த்து ஒன்றுசேர்ந்து வளர்ப்பதில்லை, இங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு பஞ்சாங்கம். காது கிழிசல், கொம்பு வளைவு என்று அடையாளம் வைத்து ஐந்து கலைகளுக்கு நோட்டுப் போட்டேன். ஐப்பசிக் கடைசியில் இரண்டுக்குக் காய்ந்த கொம்பு, இரண்டுக்குத் தோல், ஒன்று மொட்டை. தையில் மூன்று காய்ந்தவை. பங்குனி தொடக்கத்தில் நான்கு.

அந்த நான்கு ஆனதும் இரவே மாறிவிட்டது. தொண்டை கட்டிய ஆள் கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுவது மாதிரி ஒரு முழக்கம், விட்டு விட்டு, பத்துப் பதினைந்து தடவை. பயந்தால் போடும் கீச்சுக்குரல் வேறு, இது வேறு. கேமராவில் மைக் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஜன்னல் விளிம்பில் அம்மாவின் பழைய போனை வைத்துப் பதிவு செய்தேன். பாதிக்கு மேல் சீலிங் ஃபேன் சத்தம்.

வெயில் காலத்துக்கென்று இன்னொரு வியாதி உண்டு. மத்தியானம் 36, 37 டிகிரியில் மானின் சூடும் காற்றின் சூடும் ஒன்றாகிவிடுவதால் சென்சார் எதிரில் யானையே நின்றாலும் உணராது. பகல் படங்கள் ஏறக்குறைய நின்றுபோயின. நிரலில் பகல் 11 முதல் 4 வரை தூங்கவிட்டேன், பேட்டரியாவது மிஞ்சட்டும் என்று. கணக்குப்படி ஒரு சார்ஜுக்கு இருபது நாள் வர வேண்டும். எனக்கு எட்டு நாள் வந்தது, இப்போது பத்து.

அப்படித்தான் அந்த 4:52 படங்கள். கிளையை முறிப்பவரும் பட்டையை உரிப்பவரும் ஒரே ஆள், வலது காது கிழிந்த மூன்றாம் நம்பர். கண்ணோரத்துச் சுரப்பியின் வாசனையைக் கிளையில் பூசி வைக்கிறது. அம்மாவிடம் காட்டினேன். குரங்குகளுக்கு விடுதலை கிடைத்தது, மன்னிப்பு கிடைக்கவில்லை.

செலவுக் கணக்கு: டப்பாவில் இப்போது இருக்கும் பொருள்கள் 2,370. நனைந்தது, மாற்றியது 930. அடுத்ததற்கு ஓட்டை கீழே, உயரம் இரண்டரை அடி, விளக்கு முதலிலேயே 940, தனி மைக் ஒன்று. பேட்டரி இரண்டுக்குப் பதில் நாலு. போர்டைச் சுவர் மின்சாரத்தில் சோதிக்கவே மாட்டேன், பேட்டரியில்தான். பூங்காவுக்குள் வைக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். அதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். என் கொல்லையே எனக்குப் போதும்.

நேற்று அட்டையைக் கழற்றிப் பார்த்தால் மூன்றாம் நம்பர் மறுபடி. இரவு 1:17. புல்லையும் தழையையும் கொம்பில் சுற்றிக்கொண்டு வருவது இந்தப் பருவத்தில் வழக்கம்தான். ஆனால் இந்தத் தடவை இடது கொம்பில் எங்கள் வீட்டு ஈரிழைத் துண்டு. படத்தின் ஓரத்தில் துணி காயப்போடும் நைலான் கொடி தெரிகிறது, அதன் கழுத்துக்கு ஒரு சாண் தள்ளி. பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. சாயங்காலமே கொடியை அறுத்து மொட்டைமாடியில் கட்டிவிட்டோம். அம்மா மட்டும் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஐப்பசியில காணாமப்போச்சே, அந்தத் துண்டு இல்லடி இது" என்றார். "இது புதுசு."